உமிக்கரி

பேட்டரியின் வாயோரம்
பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.
வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினேன்.
சீறி, நுரைத்து, அடங்கியபின்
அடித்தட்டில் நாலு ஓட்டை.
"விற்கப்போற காருக்கு
மேலே மெழுகு போட்டால் போதாதா?"
என்றார் சேவுகன், பல் தேய்த்துக்கொண்டே.
நான் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன்.
எந்த வீட்டிலும் அதுதான் தொலையும்.

தீபாவளி இனிப்பு வந்த பெட்டியின் மூடியில்
காரின் முகத்தைப் பென்சிலால் வரைந்து
எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ
அங்கேயே குத்தி நிறுத்தினேன்.
கீல், கொண்டி, ஹாரன் பிராக்கெட்,
தண்ணீர் டப்பாவை அணைத்துப் பிடிக்கும் பட்டை.
ஒவ்வொரு துளையைச் சுற்றியும்
துரு ஒரு வளையம் போட்டது.

கம்பி பிரஷ் முதலில்.
பிறகு எண்பது, நூற்றியிருபது.
முந்நூற்றியிருபதாம் நம்பர் எமரிக்கு வரும்போது
சத்தமே மாறிவிடுகிறது,
மாவு சலிக்கிற மாதிரி.
பதினேழு வருடம் இந்தக் காரில்தான் பள்ளிக்குப் போனேன்.
அதன் வெறும் இரும்பை
அன்றுதான் பார்த்தேன்:
வெளிர்சாம்பல், கொஞ்சம் கூச்சப்படுகிற நிறம்.
தின்னரில் துடைத்தபின் தொடக் கூடாது.
விரல் எண்ணெய் பட்ட இடத்தில்
பெயிண்ட் பிடிக்காது.
ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும்
ஈரம், ஆக்சிஜன் என்று
இரண்டே வரியில் துருவை முடித்துவிடுவேன்.
கீலின் இடுக்கில் அதற்கு
அரை நாள் ஆனது.

கொடிக்கயிற்றில் கட்டுக்கம்பியால் தொங்கவிட்டு
ரெட் ஆக்சைடு அடித்தேன். வெயில் உதவியது.
மேலே கறுப்பு, ஒரு கை.
இரண்டாம் கை ஈரமாக இருந்தபோது
காற்று திரும்பிவிட்டது.

எங்கள் புதுவயலில்
காயப்போட்ட எதன்மேலும் அது வந்து உட்காரும்:
வேட்டி, வடகம், தலைக்குக் குளித்த பிள்ளை.
இரண்டு தெரு தள்ளி மில் புகைபோக்கி
நெல்லை உரித்த கையோடு
உமியை எரித்து ஊருக்குப் பங்கு வைக்கும்.
ஓடிப்போய் எல்லாவற்றையும் பறித்து
குளியலறையில் மாட்டினேன்.
தப்பாதது ஹாரன் பிராக்கெட் மட்டும்.
அதன் நெற்றியில் கரித்துணுக்குகள்,
ஏழோ எட்டோ, ஊசிமுனை அளவு.
எமரியை எடுத்தேன்.
மணி ஆறரை. நாளைக்கு ஆள் வருகிறார்.
வைத்துவிட்டேன்.

தேவகோட்டை ஜபருல்லா
ஒரு டார்ச்சும் ஒரு காந்தமும் கொண்டுவந்தார்.
கதவு, மட்கார்டு, கூரை,
வைத்த இடமெல்லாம் காந்தம் ஒட்டியது.
பானட்டைத் திறந்தபோது
அவர் முகம்தான் ஒட்டவில்லை.
"கீல் போல்ட்டில் ஸ்பேனர் பட்டிருக்கே டீச்சர்,
எங்கே இடிச்சீங்க?"
"இடிக்கலை. துரு."
"துருவுக்கு யாரு இவ்வளவையும் கழட்டுவா?
இடிச்சாத்தான் கழட்டுவாங்க."
எட்டாயிரம் குறைத்தார்.

அட்டை மூடியைக் கொண்டுவந்து காட்டினேன்.
டார்ச் அடித்தார்.
வெளிச்சம் துளை வழியாக
என் புடவையில் புள்ளி வைத்தது.
ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து
பிராக்கெட்டைத் தடவிக்கொண்டே போனவர்
அந்தச் சொரசொரப்பில் நின்றார். சிரித்துவிட்டார்.
"புதுவயல் பெயிண்ட்!
பட்டறையில் அடிச்சிருந்தா இது வராது."
மூவாயிரத்தை விட்டுக்கொடுத்தார்.
மிச்சம் ஐயாயிரம்
சுத்தமாக வைத்திருந்ததற்கு அபராதம் என்று
நினைத்துக்கொண்டேன்.

கார் காரைக்குடி சாலையில் திரும்பி மறைந்தபின்
மூடியைக் குப்பையில் போடப் போனேன்.
ஓரத்தில், முகத்துக்கு வெளியே,
பெயர் எழுதாத இடத்தில் ஒரு வாஷர்.
இரண்டு பக்கமும் கறுப்பு அடித்திருக்கிறேன்.
எதனுடையது?
போன் செய்யலாம்.
செய்தால் இன்னும் ஆயிரம் கேட்பார்.

சன்னல் கட்டையில் வைத்தேன்.
சாயங்காலம் அதன்மேல் கரி.
ஊதினேன், பறந்தது.
நன்றாகத்தான் காய்ந்திருக்கிறது.